கிள்ளி எடுத்தது எதற்கு?

எங்களுக்குத் தவளக்குப்பத்தில் மளிகைக் கடை. இரண்டு மாதமாக என் கணவருக்குக் குரலே எழும்பவில்லை. புதுச்சேரியில் ஒரு தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்து, புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார். தொண்டை மரத்துப்போக மருந்து தடவி, அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்தார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

"அதான் நோவை எடுத்துட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்குப் போவணும்?" என்று கிசுகிசுத்தார் கணவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது; போகவில்லை. ஆனால் குரல் திரும்பவில்லை. எடுத்த பிறகும் ஏன் இப்படி என்று இருவரும் குழம்பினோம்.

ஒரு மாதம் கழித்து அந்த டாக்டரிடமிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் படித்துப் பார்த்து, "உடனே வரச் சொல்லி எழுதிகீதும்மா" என்றார். பதறிக்கொண்டு ஓடினோம்.

டாக்டருக்குக் கோபமான கோபம். "அது வைத்தியம் இல்லம்மா, சோதனை! புற்றுநோய் இல்லை. தொண்டையில் காசநோய். ஊசி போட்டால் குணமாகும். ஒரு மாதத்தை வீணாக்கிட்டீங்களே!"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பல மாதம் ஊசி போட்டபின் குரல் வந்தது. இப்போதெல்லாம், "ஐயா, இது சோதனையா, வைத்தியமா?" என்று கேட்காமல் எந்த டாக்டரிடமிருந்தும் நான் எழுந்து வருவதில்லை.

— ஒரு வாசகி, தவளக்குப்பம்