சிவப்பாய் இரண்டு செல்கள்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. நீலமாய் ஆயிரக்கணக்கான மஜ்ஜை செல்கள். நடுவே சிவப்பாய் இரண்டு. அவளுக்கு மார்பில் கட்டியை எடுத்து இரண்டு மாதமாகியிருந்தது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சிய மஜ்ஜையில், வழிதவறி வந்த புற்றுநோய்ச் செல் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வகை செல்லில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைக் கலந்து, ஒட்டிய இடம் சிவக்கும்படி சாயமேற்றியவன் நான்தான். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. குடும்பத்திலேயே விஷயம் தெரிந்தவன் என்ற பெயரும் எனக்குண்டு. அதைப் பரப்பியதும் நான்தான்.

கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? அங்கேதான் எரிச்சல். "இருக்குது. வளருமா, அப்படியே தூங்குமான்னு சொல்ல முடியாது. நோய் திரும்பாம இருக்கக் குடுத்த மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடட்டும்" என்றார் எங்கள் டாக்டரம்மா. இத்தனை நுணுக்கமாய்த் தேடிப் பிடித்தபின் இப்படியொரு பதிலைச் சொல்ல ஜோசியக்காரரே கூச்சப்படுவார்.

அக்காவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரியவள். குவித்த உப்பில் மண்கட்டி தென்பட்டால் பொறுக்கி வரப்புக்கு அப்பால் எறிவார்கள். அதோடு குவியல் சுத்தம்.

"ரெண்டே ரெண்டுதானேடா? வெளிய எடுத்தாச்சில்ல?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ரெண்டும் கண்ணாடித் தகட்டுல செத்துக் கெடக்குதுக்கா. பாடை கட்டிடுவோமா?" என்றேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். எடுத்தது சில சொட்டுதான், மற்ற மஜ்ஜையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. கத்தினேன்.

"ஏண்டா கத்தற? செத்துடுச்சின்னு நீதானே சொன்ன. செத்ததுக்கு எதுக்கு மாத்திர? அதப் போட்டா ஒடம்பெல்லாம் அனலா கொதிக்குது, வெயில்ல நிக்க முடியல."

எடுத்தது சில சொட்டுதான் என்பதை அப்போதுதான் சொன்னேன். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். இப்போது முதுகுவலி. உப்பு சுமந்த வலியா, அந்த இரண்டின் உறவினர் வேலையா என்று கேட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரையை விட்டதால் வந்ததா என்றும் கேட்டேன். அதைச் சொல்ல முடியாதாம்.

இன்று காலை ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"பயமா இருக்குதுடா. தமாஷா எதுனா சொல்லேன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "மாத்திரை போட்டியா?" என்றுதான் வாயில் வந்தது.