கடற்சாமந்திக்கு வெந்நீர்

என் கணவர் தன் வாழ்நாளில் ஒரே ஓர் உயிரிடம்தான் அன்பாக இருந்தார். அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது. தின்பதற்கும் கழிப்பதற்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான்.

அவர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்தை அரைத்துத் தேயிலையாக்கும் ஸ்டோருக்கு அவர் வைத்ததுதான் சட்டம். கொழும்பில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் கம்பனியில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர்தான் அனிமோன் என்கிற அந்தக் கடற்சாமந்தியைக் கொடுத்தனுப்பினார். கம்பளம் விரித்தது போல, ஒரு தாம்பாளத்தின் அகலத்துக்குப் படர்ந்து கிடக்கும் ஜாதி. கொழும்புக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு போகும் லொறி, திரும்பும்போது அதற்குக் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்தது. லயத்துத் தொழிலாளிப் பெண்கள் பீலியடியில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க, எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் கடலே வந்து இறங்கியது.

எல்லாவற்றையும் நன்றாகப் படித்துவிட்டுத்தான் அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். மேலே பலமான வெளிச்சம் வேண்டும். தண்ணீரின் சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இடம் பிடிக்காவிட்டால் அது தன் அடிக்காலால் மெல்ல நகர்ந்து போகும். நகர்ந்து போய் பம்பின் வாயில் மாட்டிக்கொண்டால் அரைபட்டு, தண்ணீர் முழுவதும் விஷமாகி, மீன்களும் சாகும். அதனால் பம்பின் வாயை நுரைப்பஞ்சால் மூடி வைக்க வேண்டும். அந்தப் பஞ்சை வாரம் ஒருமுறை கழுவி மாட்டுவது என் வேலை. அடியில் ஊர்ந்து திரியும் மெதுவான மீன்களை அதோடு விடக் கூடாது. அதன் மடியிலேயே குடியிருக்கும் கோமாளி மீன்கள் ஒரு ஜோடி போதும்.

அந்தக் கடைசிச் சட்டத்தை அவரே மீறினார். அழகாக இருக்கிறதென்று நீலமும் பச்சையுமாகக் கோலம் போட்ட, அடியில் ஊரும் ஒரு சின்ன மீனை வாங்கி விட்டார். சீக்கிரமே அது கடற்சாமந்தியில் ஒட்டிக்கொண்டு துடித்தது.

"எடுத்து விடுங்களேன், பாவமா இருக்கு" என்றேன்.

"இழுத்தா அனிமோன் கிழிஞ்சிரும். விடு, அதுக்கும் பசிக்குமில்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார். மீன் முழுவதும் உள்ளே போகும் வரை எழுந்திருக்கவில்லை. இந்த மனிதரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் மழை பொய்த்த வருஷம் வந்தது. மஸ்கெலியா நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிப் போயிருந்த பழைய கோவில் வெளியே தெரிந்தது. ஜனங்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். எங்கள் மலைத் தண்ணீரில் கரண்ட் எடுத்தவர்கள், எங்களுக்கே கரண்டை வெட்டினார்கள். ஹீட்டர் நின்றது. இந்தக் குளிரில் தொட்டி தாங்குமா? சாராயப் போத்தல்களில் வெந்நீர் ஊற்றி, மூடி, தொட்டியில் மிதக்க விடச் சொன்னார். ஆற ஆற மாற்ற வேண்டும். அவர் ஸ்டோரில் நிற்க, நான் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் லிந்துலையிலிருந்து அண்ணன் வந்தார். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள்.

"மச்சான், அம்மா இவளத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருப்பேன். அப்ப வரட்டும் மச்சான். இப்ப இவ போயிட்டா தண்ணி குளிர்ந்துரும்."

அண்ணன் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்த டீயைக் குடிக்காமல் போனார். நீ ஏன் கிளம்பிப் போகவில்லை என்று இப்போது சிலர் சுலபமாகக் கேட்கிறார்கள். புருஷன் பேச்சை மீறி வந்தவளை லயத்து ஒற்றை அறையில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை வரை அம்மா தாங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போத்தல்களை நிரப்பினேன்.

அம்மா சனிக்கிழமை காலையில் போய்விட்டாள். ஆபீசுக்குப் போன் வந்தது. நான் அழுதபடியே அடுப்பை அணைக்கப் போனேன்.

"அத ஏன் அணைக்கிற? போத்தல நிரப்பி வச்சிட்டுக் கிளம்பு."

"அம்மா செத்திருக்குங்க. அடுப்பு எரியக் கூடாது."

"செத்தது லிந்துலையிலதானே? இங்க இல்லையே."

நிரப்பி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மத்தியானம் அவரும் வந்து சேர்ந்தார். சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் என் பக்கத்தில் வந்து குனிந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று எல்லோரும் வழி விட்டார்கள்.

"அந்தப் பஞ்ச எப்ப கழுவணும்?"

"நாளைக்கு. கழுவின உடனே மாட்டிருங்க" என்றேன். அம்மாவின் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு முடிந்து நான் திரும்பியபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பஞ்சு காய்ந்து போய்க் குழாயடித் திட்டில் கிடந்தது. முந்தின நாள் இரவு கழுவ எடுத்த நேரத்தில் கரண்ட் போனதாம். அப்படியே வைத்துவிட்டு ஸ்டோருக்கு ஓடினாராம். குளிரிலும் இருட்டிலும் கடற்சாமந்தி இடம் தேடி நகர்ந்து பம்புக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. கரண்ட் வந்ததும் பம்ப் அதை இழுத்து அரைத்துவிட்டது.

சொல்லும்போதே அவர் தேம்பித் தேம்பி அழுதார். என் அம்மாவின் பெட்டிக்கு முன்னால் கண் கலங்காதவர். கோமாளி மீன்களைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மற்றபடி சந்தோஷமாக இருந்தது. நல்ல, முழுச் சந்தோஷம்.

அழுது முடித்து முகம் கழுவி வந்தார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு டீயாவது ஊத்து."

"சாவு விழுந்த வீடுங்க. அடுப்பு மூட்டக் கூடாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லிந்துலையில இல்லீங்க. இங்கதானே விழுந்திருக்கு."

அண்ணி எனக்குக் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் பார்க்கப் பார்க்க, தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.