கட்டிலுக்கு எத்தனை புள்ளி

காப்பி மெஷினில் பால் பவுடர் நிரப்ப வருகிறவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். யார் யாரென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சை அவளிடமே சொன்னார்.

"கேட்டீங்களா மேடம்? அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பாஸானதுல ஏதோ உள்வேலையாம். மூணாவது மாடில புள்ளியக்கான்னு ஒரு அம்மா இருக்காங்களாம். அவங்கதான் கொறச்சுப் போட்டுக் குடுத்தாங்களாம்."

"யாரு சொன்னா?"

"டிரைவர் அண்ணன். அவருக்கு ஸ்டோர்ல சொன்னாங்களாம். நமக்கெதுக்கு ஊர்வம்பு! சக்கர போடவா?"

"வேண்டாம்" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு புள்ளியக்கா மூன்றாவது மாடிக்குப் படியேறினாள். லிஃப்டில் போனால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள்.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. சக்கர நாற்காலியோ மருந்து வண்டியோ, கம்பெனி எதை வடிவமைத்தாலும் அதன் உறுப்புகளை ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை எழுதுவாள். இதை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டிவருமா, இது கெட்டால் அதுவும் கெடுமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் நின்று யோசிப்பாள். ஆமென்றால் ஒரு புள்ளி. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்தப் பொருளில் எவ்வளவு சிக்கல் என்று தெரிந்துவிடும். முந்நூறைத் தாண்டினால் வரைபடம் வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆறு மாதம் ராப்பகலாக உழைத்து வரைந்ததைத் திருப்பி அனுப்புகிறவளோடு யார் சிரித்துப் பேசுவார்கள்? அவள் வந்தால் வராந்தாவில் பேச்சு நிற்கும். வீட்டுக்குப் போனால் ஃபிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது உறுமும். தம்பி ஞாயிறுதோறும் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவான். "சாப்டியாக்கா, அங்க மழையா, சரி வச்சிடறேன்." ஒன்றே முக்கால் நிமிஷம்.

போன வருஷம்தான் கட்டில்காரி வந்தாள். கட்டில் வடிவமைக்க ஒப்பந்தத்தில் எடுத்த பெண். அந்தப் பெயரைப் புள்ளியக்காதான் வைத்தாள். ஒருநாள் மத்தியானம் கட்டில்காரி சாப்பாட்டு டப்பாவோடு வந்து, புள்ளியக்காவின் ஜன்னலோர மேசைக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, இந்தச் சேருக்கு யாராவது வருவாங்களா?"

"நாலு வருஷமா யாரும் வரல."

"அப்ப நான் உக்காந்துக்கறேன். வந்தா எழுந்துக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் அந்த நாற்காலி அவளுக்குத்தான். மேனேஜர் நடப்பதுபோல் நடந்து காட்டுவாள். புள்ளியக்காவின் டப்பாவில் கேட்காமல் கைவைப்பாள். மனிதர்கள் ஒருவரோடொருவர் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்பதே புள்ளியக்காவுக்கு மறந்துபோயிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கட்டிலின் வரைபடம் வந்தது. எண்ணிக்கை முந்நூறை நெருங்கியபோது இன்னும் வயர்கள் பாக்கி இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்டில்காரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஒம்பது வயரும் ஒரே கட்டாத்தானே வாங்கறோம், ஒரே கட்டாத்தானே மாட்டறோம். ஒண்ணுன்னு போட்டா தப்பாக்கா?"

தப்புதான். தனித்தனியாகக் கெடக்கூடியதைத் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எழுதியவளே புள்ளியக்காதான். ஆனால் கட்டில் பாஸானால் கட்டில்காரிக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒன்று என்று போட்டாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

ஊர்வாயில் விழுந்துவிட்டோமே என்றுகூட அவளுக்கு இப்போது படவில்லை. ஊர் சொன்னதில் பொய் இல்லையே என்பதுதான் உறுத்தியது. காப்பியை ஆறவிட்டுப் பட்டறைக்கு இறங்கினாள்.

மாதிரிக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த ஃபிட்டர் தலையை நீட்டினார்.

"வாங்கம்மா. அதிசயமா இருக்கு, மழதான் வரப்போகுது."

"கட்டில் எப்படி இருக்கு?"

"ராசா மாதிரி இருக்கு. ஒரே ஒரு அழும்புதான் பண்ணுது." எழுந்து கட்டிலின் இடப்பக்கத் தடுப்புக் கம்பியை இறக்கினார். பிறகு சிவப்புக் கைப்பிடியை இழுத்தார். மூச்சு நின்ற நோயாளிக்கு நெஞ்சை அமுக்க வேண்டுமென்றால் கட்டில் ஒரே இழுப்பில் தட்டையாக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கைப்பிடி. உயர்ந்திருந்த தலைப்பக்கம் பாதிவரை இறங்கி, அப்படியே நின்றது.

"தடுப்ப ஏத்தி எறக்கினா சரியாயிடுது. ஆனா உயிர் போற நேரத்துல எவன் ஏத்தி எறக்கிட்டிருப்பான்?"

"மேல சொல்லலியா?"

"சொல்லாம இருப்பனா? ரெண்டு தடவ சொன்னேன். தடுப்புக்கும் தலப்பக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல, புள்ளியக்கா தாள்லயே புள்ளி இல்ல, நீ என்ன அவங்கள விடப் பெரிய ஆளான்னு வாய அடச்சிட்டாங்க."

புள்ளியக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் அவள் தாளை இவ்வளவு நம்பியதில்லை.

மேசைக்குத் திரும்பி வயர்க் கட்டைப் பிரித்து எழுதினாள். ஒரு வரி ஒன்பது வரியானது. தடுப்பின் சுவிட்சுக்கும் தலைப்பக்க மோட்டாருக்கும் மின்சாரம் திரும்பும் வயர் ஒன்றுதான். தடுப்பு இறங்கும்போது அது மடங்கி இணைப்பு விட்டுப்போகிறது. அந்தக் கட்டத்தில் புள்ளியை வைத்தபோது பேனா தாளைத் துளைத்துவிட்டது. கூட்டினாள். முந்நூற்று நாற்பத்தொன்று.

எதிர் நாற்காலி காலி. கட்டில்காரி காலையிலேயே நிரந்தர வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். "நாளைக்கு டபுள் சாப்பாடுக்கா, டப்பாவப் பெருசா எடுத்துட்டு வாங்க" என்று வாசலில் நின்று கத்திவிட்டுத்தான் போனாள்.

முதலில் அவளிடம் சொல்லிவிட்டுப் பிறகு தாளை அனுப்புவதுதான் முறை. ஆனால் அந்தக் குரல் "அக்கா" என்று ஒருமுறை சொன்னால் போதும், முந்நூற்று நாற்பத்தொன்றை அனுப்பக் கை வராது. புள்ளியக்காவுக்குத் தன்னைத் தெரியும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டதே.

திருத்திய தாளை மேனேஜருக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: முன்பு கொடுத்த எண் தவறு, தெரிந்தே செய்தது நான், வடிவமைத்தவர் அல்ல. திரையில் 'போய்ச் சேர்ந்தது' என்று வந்தது. மணி நாலரை.

பிறகுதான் போனை எடுத்தாள். இனி ஒரு மணி நேரத்தில் யார் வாயிலிருந்தாவது அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். என்னவென்று சொல்வது? உன்னை அனுப்பிவிட்டேன் என்றா, சாப்பிட நாளைக்கு வருவாயா என்றா?

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.

வராந்தாவில் யாரோ மேனேஜரின் அறைக்கதவைத் தட்டினார்கள். எதிர் நாற்காலியின் முதுகில் கட்டில்காரி விட்டுப்போன ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கையை எடுத்து நேராக மடித்து வைத்தாள். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.