சங்கிலி போட்ட வண்டியில் அத்தை

எங்கள் ஊரில் பனிக்கட்டி விழுந்து யாரும் பார்த்தது கிடையாது. வெயிலைப் பார்த்திருக்கிறோம், ஏழு ஜென்மத்துக்கும் போதும் என்கிற அளவுக்கு. ஆனாலும் பனிமலையில் ஓடுகிற வண்டிகளின் டயரில் மாட்டும் இரும்புச் சங்கிலி ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே அப்படிச் சங்கிலி வைத்திருப்பது தான் ஒருவர்தான் என்று அப்பா சொல்லுவார். அப்பா சொல்லுவதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லுவாள்.

கல்யாணத்துக்கு முன்பு அப்பா லாரி ஓட்டியவர். ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் வரைக்கும் போன காலத்தில், ரோடு எது பள்ளம் எது என்று தெரியாமல் பனி மூடிக் கிடக்க, லாரிக்காரர்கள் இறங்கி டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்டுவதைப் பார்த்திருக்கிறார். பிறகு ஊரோடு வந்து, பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, தோட்டம் தோட்டமாக எலுமிச்சங்காய் ஏற்றிப் புளியங்குடிச் சந்தையில் இறக்குகிற வேலையில் உட்கார்ந்தார். தார் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற பாதை முழுக்கக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கிவிட்டால் அல்வாப் பதத்துக்கு வந்துவிடும். அதில் சிக்கின டயர் லேசில் வெளியே வராது. அப்படி ஒரு மழையில் சிக்கி, டிராக்டர் வைத்து வண்டியை இழுத்த அன்றைக்குத்தான் அப்பாவுக்குக் காஷ்மீர் ஞாபகம் வந்தது. கிணற்றுச் சங்கிலியை வாங்கிப் பட்டறையில் கொடுத்து, ஏணி மாதிரிக் குறுக்குச் சங்கிலிகள் வைத்து வெல்டிங் பண்ணிக் கொண்டுவந்தார். "என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் கொலுசு எடுத்தாச்சா?" என்று டீக்கடையில் கேலி பண்ணினார்கள். அடுத்த மழையில் கேலி பண்ணினவர்கள் எல்லோரும் அந்த வண்டியில் ஏறித்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்துவார். பின் டயர்களுக்கு முன்னால் சங்கிலியைத் தரையில் விரித்து, வண்டியை அதன்மேல் கொஞ்சம் ஏற்றி, இரண்டு முனையையும் டயரைச் சுற்றிக் கொண்டுவந்து, உள்பக்கக் கொக்கியை முதலிலும் வெளிப்பக்கக் கொக்கியைப் பிறகும் மாட்டுவார். பழைய டியூபில் அறுத்த ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டுவார். அரை மணி நேரம் பிடிக்கும். அவசரத்தில் விட்டது என்று ஒரு நாளும் கிடையாது. எத்தனை மழையானாலும், யார் காத்துக்கொண்டிருந்தாலும், சங்கிலி மாட்டாமல் கரிசலில் இறங்க மாட்டார். ஒரே ஒரு நாள் இறங்கினார்.

அத்தை, அப்பாவின் அக்கா. அப்பாவை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள். நாங்கள் இருந்த வீடும் அவள் கட்டினதுதான். ஆடு வளர்த்து, பருத்திக் காட்டுக்குப் போய், வருஷத்துக்கு ஒரு சுவராக எழுப்பின வீடு. எனக்கு வாய் நீளம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். "சவத்த வாய மூடுட்டி" என்று சொல்லாமல் அதை முழுக்க உட்கார்ந்து கேட்ட ஒரே மனுஷி அத்தை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்தாள். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த ஒரு நாள் அம்மாவோடு நானும் அங்கே இருந்தேன். மத்தியானம் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா வெளியே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுதாரு" என்றார். அம்மா உடனே துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அத்தைக்கு உடம்பு சரியாகிவிட்டது, அதனால்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நான் சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டேன்.

அவர்களுடைய அவசரத்துக்குக் காரணம் அத்தையின் புருஷன். கேரளாவில் கல்லுடைக்கப் போன இடத்தில் அவர் இறந்துபோனார். வெளியூரில் உயிர் போனால் அந்த உடம்பை வாசல்படி தாண்டி வீட்டுக்குள் கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லை. பெற்ற பிள்ளையானாலும் தெருவில்தான். அவரையும் தெருவில், மழையில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடத்தியிருந்தார்கள். அத்தை அதை ஆயுசுக்கும் மறக்கவில்லை. நோவு முற்றின நாளிலிருந்து அப்பாவிடம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எய்யா, என்னைய அவுகள மாதிரி தெருவுல போட்டுராத. நான் கட்டுன வீட்டுக்குள்ள கிடந்துதான் நான் போகணும்." அப்பா அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார்.

வண்டியின் பின்னால் மெத்தை விரித்து அத்தையைப் படுக்க வைத்தார்கள். மேலே கம்பி வளைத்துத் தார்ப்பாய் போட்டிருந்தது. நானும் அம்மாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வழியெல்லாம் மழை. அப்பா அடிக்கடி வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடிவந்து, அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உள்ளங்காலைத் தேய்த்துவிட்டு, "அக்கா, வந்துட்டோம்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய் ஏறுவார். அத்தை ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து "ம்" என்றாள்.

தார் ரோடு முடிந்தது. வண்டி நிற்கவில்லை. எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டி, "எப்பா, சங்கிலி மாட்டலியா?" என்று கத்தினேன். "பேசாம வாட்டி!" என்று அப்பா எரிந்து விழுந்தார். அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார் மனுசன். ஓடை இறக்கம் வரைக்கும் வண்டி வழுக்கி வழுக்கிப் போனது. அங்கே பின் டயர் இரண்டும் சேற்றில் இறங்கி நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. எஞ்சின் உறுமியதே தவிர வண்டி அசையவில்லை.

சேற்றில் புதைந்த டயருக்குச் சங்கிலி மாட்டுவது வேறு வேலை. விரிக்கத் தரை கிடையாது, ஏற்ற வண்டி நகராது. ஜாக்கி வைத்தால் ஜாக்கி உள்ளே இறங்கியது. அப்பா ஓடைக்குள் போய்ப் பலகைக்கல் தூக்கிவந்து அடியில் போட்டார். மண்வெட்டியால் வெட்டின சேறு வெட்ட வெட்டத் திரும்பவும் வந்து மூடியது. கைகொடுக்க ஆள் கூப்பிடலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை. தார்ப்பாய்க்குள் இருந்து எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்பக்கக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். யாரையோ திட்டிக்கொண்டே இருந்தார். தன்னைத்தான் திட்டிக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது.

அதற்குள் ஒரு நேரத்தில் அம்மா குனிந்து அத்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அத்தையின் கண் இமையை மெதுவாகத் தடவி, தாடைக்கு அடியில் தன் வலது கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். தார்ப்பாய் ஒழுகுகிறதே, அத்தை வாயில் தண்ணீர் விழாமல் பிடித்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். "கையி சில்லுனு இருக்கும்மா" என்றேன். "மழைல்லா பெய்யுது, அப்படித்தான் இருக்கும். போர்த்தி விடு" என்றாள்.

சங்கிலியை மாட்டி முடித்து அப்பா பின்னால் வந்தார். தலை முதல் கால் வரை கரிசல். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கா?" என்றார்.

"மதினி நல்லாத்தான் இருக்காக. அசந்து தூங்குதாக. நீங்க வண்டிய எடுங்க."

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்தார். அத்தனை தடவை ஓடிவந்து தொட்டுப் பார்த்தவர், அப்போது தொடவில்லை. கையெல்லாம் சேறு என்பது போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது, நீட்டினால் போதும், சேறு போய்விடும். அவர் நீட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஏட்டி, அத்தைகிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டே வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என்னையா பேசச் சொன்னார்கள்! வீட்டில் முதல் தடவையாக என்னைப் பேசச் சொல்கிறார்கள். வண்டி சங்கிலிச் சத்தத்தோடு சேற்றிலிருந்து எழும்பி, நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. நான் ஆரம்பித்தேன். கணக்கு டீச்சர் தூங்கினது, சத்துணவில் முட்டை குறைந்ததற்கு ஆறாம் வகுப்புப் பையன்கள் சண்டை போட்டது, என் பென்சில் பாக்ஸைத் திருடினவள் யார் என்று நான் கண்டுபிடித்தது எல்லாம் சொன்னேன். அத்தையின் தலைப்பக்கம் குனிந்து, நல்ல சத்தமாகச் சொன்னேன். அப்பா நடுவிலிருந்த கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், "என்னட்டி, சத்தத்தக் காணும்?" என்று முன்னாலிருந்து குரல் வரும். நான் திரும்பவும் ஆரம்பிப்பேன். அம்மா தாடையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சேதி தெரிந்து வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அப்பாவின் சித்தப்பா, நாங்கள் சின்னத் தாத்தா என்று கூப்பிடுகிறவர், படியை மறித்துக்கொண்டு நின்றார். ஊர் வழக்கத்தில் ஒரு நூல் பிசகினாலும் விடாதவர் அவர். "உசுரு இருக்கால?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டார். "இருக்கு மாமா. வரும்போதுகூடத் தண்ணி கேட்டாக" என்று அம்மா சொன்னாள். தாத்தா அதை நம்பின மாதிரித் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்திருப்பார்.

"ஏட்டி, அத்தை பேசுனாளா?"

"நான்தான் தாத்தா பேசுனேன். அத்தை கேட்டுக்கிட்டே வந்தாக" என்றேன்.

 தாத்தா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று, "தூக்குங்கலே, மெல்லத் தூக்குங்க" என்றார். அத்தையை நடுவீட்டில், அவள் எழுப்பின சுவர்களுக்கு நடுவில் கிடத்தினார்கள். அம்மா கரண்டியில் பால் ஊற்றினாள். பால் கடைவாய் வழியாக வழிந்தது. அப்புறம்தான் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நேரம் அடக்கிவைத்த அழுகை என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்?

துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். "இந்தப் பிள்ளை பேச்சுலதான் உசுரு வீடு வரைக்கும் நின்னுருக்கு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். நானும் அதை நம்பினேன். ரொம்ப வருஷத்துக்கு அந்தப் பெருமை எனக்கு இருந்தது. காலேஜில் படிக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு சாவு. உயிர் போன கையோடு, விறைப்பதற்கு முன்பு, ஒரு பெண் இறந்தவரின் தாடைக்கு அடியில் கைகொடுத்து வாயை மூடிப் பிடித்துக்கொண்டதை அங்கே பார்த்தேன். அன்றைக்கு வண்டியில் அம்மாவின் கை இருந்த இடம் அதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "மாவு அரைக்கணும், தள்ளு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அத்தை கடைசியாக என்ன சொன்னாள் என்று, அவள் போன அந்த நாட்களில் ஊரே என்னைக் கேட்டது. சின்னத் தாத்தா கேட்டார், டீக்கடையில் கேட்டார்கள், துக்கம் விசாரிக்க மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். நானும் ஆளுக்குத் தகுந்த மாதிரிச் சொன்னேன். அப்பா மட்டும் கேட்கவே இல்லை. நானாகச் சொல்லப் போனாலும், வண்டியில் வேலை கிடக்கிறது என்று எழுந்து வெளியே போய்விடுவார். தூக்கி வளர்த்தவளின் கடைசி வார்த்தையைத் தெரிந்துகொள்ள ஆசையில்லாத கல்நெஞ்சுக்காரர் என்று நான் முடிவு கட்டினேன். ஊரெல்லாம் வாயாடின நான், அந்தக் கோபத்தில், அப்பாவிடம் மட்டும் ரொம்ப நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.