பிரேக் மாற்றிய வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்காரர் என் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் பேடைக் காட்டினார். உரசுவதற்கென்று இருக்கும் கறுப்புப் பகுதி துளிகூட இல்லை, வெறும் இரும்பு. ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கீச்சுச் சத்தத்தை நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதன் பலன் அது.

“அக்கா, இதோட வண்டிய ரோட்டுல எடுக்காதீங்க. நாளைக்கு முகூர்த்தம், வேலை பாக்க ஆளு கெடையாது. எனக்கே அம்பகரத்தூர்ல தங்கச்சி மவ கல்யாணம், இப்பவே கெளம்பணும். விட்டுட்டுப் போங்க, ஞாயித்துக்கெழம தர்றேன்.”

“நாளைக்கு மாமிக்கு டயாலிசிஸ்ண்ணே.”

அவர் சக்கரத்தைத் திரும்ப மாட்டியபடியே, “வாடகைக் காரு எதாச்சும் பாருங்க” என்றார்.

பார்த்தேன். கேட்ட நாலு பேருக்கும் கல்யாணச் சவாரி இருந்தது. உள்ளூரில் இடம் கிடைக்காமல் கும்பகோணத்துக்குத்தான் மாமியை, என் கணவரின் அம்மாவை, வாரம் இரண்டு முறை அழைத்துப்போய்க்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை முறை அவருக்குக் காய்ச்சல் வந்ததால் தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று மாமி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் ஏற்ற முடியாது. இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லாமலேயே எனக்குத் தெரியும்.

புதிய பேடுகளை வாங்கிக்கொண்டு, முதல் கியரிலேயே, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியை வீட்டுக்கு உருட்டி வந்தேன்.

என் கணவர் ஷார்ஜாவில் ஒரு கராஜில் மெக்கானிக். நாள் முழுக்க யார் யாருடைய வண்டிக்கோ பிரேக் மாற்றுகிறவர். போனில் விஷயத்தைச் சொன்னதும், வாங்கிய பேடுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பிறகு, “நாளைக்கு எனக்கு லீவுதான். வீடியோல வா, சொல்லித்தர்றேன்” என்றார்.

“எனக்கு ஸ்டெப்னிகூட மாத்தத் தெரியாது மச்சான்.”

“வேற வழி இருக்கா?”

இல்லை.

வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் கணவரை வீடியோவில் அழைத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதினொரு மணிக்குக் கும்பகோணத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒன்பதுக்குள் கிளம்ப வேண்டும். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினேன். பேடுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியின் போல்ட் அசையவே இல்லை. நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன். அது வழுக்கி, நான் கீழே விழுந்து, முழங்கை தரையில் உரசி ரத்தம் வந்தது. மறுபடி ஏறினேன். மூன்றாவது தடவை படக்கென்று விட்டுக்கொடுத்தது.

“பழைய பேட வெளிய எடு. உள்ள உருளையா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கா? அத உள்ள தள்ளு. மெதுவா, மெதுவா. நேரா தள்ளு.”

தள்ளினேன். கண்ணெல்லாம் வியர்வை. வீட்டுக்குள்ளிருந்து மாமி இருமும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு பக்கம் முடியவே ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. வலப்பக்கத்துக்குப் போனபோது அவர் முகம் திரையில் உறைந்து நின்று, அழைப்பு அறுந்துபோனது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. இடப்பக்கம் செய்ததை நினைவு வைத்து அழுதுகொண்டே வலப்பக்கத்தைச் செய்தேன். ஒன்பதே கால்.

மாமியைத் தாங்கிப் பிடித்துப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். வண்டியை ரிவர்ஸில் தெருவுக்கு எடுத்து, நிறுத்த பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. கால் வெறும் காற்றை மிதித்ததுபோல இருந்தது. வண்டி நிற்காமல் எதிர்வீட்டுச் சுவரை நோக்கிப் பின்னால் போனது. “யா அல்லாஹ்” என்று மாமி அலறினார். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் மோதி நின்றது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி நானே மாமியைக் கொன்றிருப்பேன். அந்த நினைப்பைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

போன் அடித்தது. கணவர்தான். எடுத்ததும் முதல் வார்த்தையே, “பெடல அமுக்கி அமுக்கி விட்டியா? உருளைய உள்ள தள்ளுனா பெடல் லூசாயிடும், அது இறுகுற வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாது.”

“இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். மறுமுனையில் அவர் அழுவது கேட்டது.

பெடலை மிதித்தேன். நாலாவது, ஐந்தாவது மிதிக்கு அது இறுகி, காலை எதிர்த்து நின்றது. “இறங்குங்க மாமி, ரெண்டு தரம் ஓட்டிப் பாத்துட்டு ஏத்திக்கிறேன்” என்றேன்.

“எறங்குனா திரும்ப ஏற எனக்குத் தெம்பு இல்ல புள்ள. இருந்தே பாத்துக்கிறேன். ஓட்டு.”

அவரை வைத்துக்கொண்டே தெருவில் முன்னும் பின்னும் ஓட்டி, ஏழெட்டு முறை நிறுத்திப் பார்த்தேன். நின்றது. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. நர்ஸம்மா என் கிரீஸ் கையையும் முழங்கை ரத்தத்தையும் பார்த்துவிட்டு, திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டார். “முழு நேரம் குடுக்க முடியாது, இருக்கற நேரத்துக்கு மிஷின ஓட்டுறேன்” என்று மாமியைப் படுக்கவைத்தார். ஒரு மணி நேரத்தில் மாமியின் மூச்சுத் திணறல் குறைந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கவ்வியின் போல்ட்டைத் தன் விரலாலேயே திருகிக் காட்டினார்.

“இதோடயா அக்கா கும்பகோணம் போயிட்டு வந்தீங்க?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஸ்பேனரை எடுத்து அதை இறுக்கினார். “கல்யாணத்துக்குப் போவறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம் நான்” என்று மட்டும் குனிந்தபடியே சொன்னார்.

அதன் பிறகு பிரேக்கில் சின்னச் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுகிறேன். என் கணவரோ கராஜில் எல்லோரிடமும், என் வீட்டுக்காரி தனியாளாக பிரேக் மாற்றினாள் என்று பெருமையாகச் சொல்கிறார். அந்தப் போல்ட்டைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.