சைக்கிள் சீட்டும் அண்ணாச்சியின் மரியாதையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தென்காசியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சரி, சைக்கிள் ஓட்டலாம் என்று கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகச் சைக்கிளில் போகும் குழு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. எல்லாரும் ஆண்கள். அதை நடத்தும் அண்ணாச்சி, "தாராளமா வாங்க டீச்சர், ஒங்களால நம்ம குழுவுக்கே மரியாதை" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் பாவூர்சத்திரம் வரை போய்த் திரும்பினோம். குளிர்ந்த காற்று, இரண்டு பக்கமும் வயல், காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடும் டெம்போக்கள். பறப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காரப் போனபோதுதான் தெரிந்தது, உட்கார முடியவில்லை. தொடை இடுக்கில் தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே உயிர் போனது. மறுநாள் எல்லா வகுப்பையும் நின்றுகொண்டே நடத்தினேன்.

அடுத்த ஞாயிறு கூச்சத்தை விட்டு அண்ணாச்சியிடமே கேட்டேன். "சீட்ல உக்கார முடியல அண்ணாச்சி, ரொம்ப வலிக்கி. இதுக்கு என்ன செய்யணும்?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே, "அது பழகிரும் டீச்சர்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரரோ சீட்டுக்கு மேல் மாட்டும் தடிமனான ஜெல் கவர் ஒன்றை என் தலையில் கட்டினார். அது இன்னும் மோசம். ஓட்ட ஓட்ட நகர்ந்து, இருக்கிற புண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கியது.

ஆனாலும் விடவில்லை. சர்க்கரை குறையத் தொடங்கியிருந்தது. பழகிரும் என்று சொல்கிறார்களே, எல்லாரும் இப்படித்தான் தாங்கியிருப்பார்கள், நமக்குத்தான் தெம்பில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பிறகு ஒரு ஞாயிறு செங்கோட்டை போனோம். திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்த துணி புண்ணில் உப்புத்தாள் போல உரசியது. உள்ளே ஏதோ விண்விண் என்று தெறித்தது. உடம்பு குளிரால் நடுங்குகிறதா, காய்ச்சலால் நடுங்குகிறதா என்று தெரியவில்லை. இலஞ்சி பக்கம் வந்ததும் இறங்கிச் சைக்கிளை உருட்ட ஆரம்பித்தேன். முன்னால் போன அண்ணாச்சி திரும்பி வந்தார்.

"ஏன் டீச்சர் எறங்கிட்டிய? வலியப் பாத்தா சைக்கிள் ஓட்ட முடியுமா? மனசுல தைரியம் வேணும்லா?"

நான் குனிந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். பேசினால் அழுதுவிடுவேன். அவர்கள் அருவியில் குளிக்கப் போய்விட்டார்கள். நான் ஒரு டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு, ஆட்டோவில் ஒருக்களித்துச் சாய்ந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பரிசோதித்த பெண் டாக்டர் சத்தம் போட்டார். "உள்ள சீழ் கட்டியிருக்கு. சுகர் வேற. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாயிருக்கும். வலி ஆரம்பிச்சப்பவே யார்கிட்டயாவது கேக்கக் கூடாதா?"

"கேட்டேன் டாக்டர்" என்றேன். அன்றைக்கே கீறிச் சுத்தம் செய்தார்கள்.

குழுவினர் ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்தார்கள். அண்ணாச்சி தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கணவரைக் காட்டி வெள்ளந்தியாகச் சொன்னார்:

"இவியளுக்கும் மொதல்ல இப்படித்தான் டீச்சர். ஒரு வாரம் கவுந்தே படுத்துக் கெடந்தாவ. பொறவு உள்ள பஞ்சு வச்ச டவுசர் வாங்கி, கிரீம் தடவி, சீட்டைக் கொஞ்சம் எறக்கி வச்ச பொறவுதான் சரியாச்சு. புதுசா வாற எல்லாருக்கும் இவியதான சொல்லிக் குடுக்காவ. ஒங்களுக்குச் சொல்லலையா?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பொம்பளையாள்ட்ட இதப்போய் எப்படி எடுத்துச் சொல்லுதது? அவிய மரியாதை என்னாவும்?"

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "ஒங்க மரியாதைதான் என்னை இங்க குப்புறப் படுக்க வச்சிருக்கு அண்ணாச்சி! நேர்ல சொல்ல வெக்கம்னா அக்காவைச் சொல்லச் சொல்லியிருக்கலாம்லா? ஒங்களுக்கு வலிச்சா கிரீம், எனக்கு வலிச்சா மனசுல தைரியமா?"

வாழ்க்கையில் ஓர் ஆண்கள் கூட்டத்தைப் பார்த்து நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. "டீச்சருக்கு ரெஸ்ட் வேணும்" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக நழுவினார்கள். அக்கா மட்டும், "நீங்க வெளிய நில்லுங்க" என்று கணவரை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த டவுசருக்குள் வேறு துணி போடக்கூடாது, வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை மாற்றிவிட வேண்டும் என்று தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் சொன்னார்.

சைக்கிளை விற்றுவிடலாம் என்றார் என் கணவர். முடியாது என்றேன். புண் ஆறி, டாக்டர் சம்மதித்த பிறகு, அக்கா சொன்னபடியே செய்தேன். சீட் என் உயரத்துக்கு மீறி இருந்திருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடி ஆடித்தான் தோல் உரிந்திருக்கிறது. அதை இறக்கி வைத்து, குற்றாலம் வரை தனியாகப் போய்த் திரும்பினேன். துளி வலி இல்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா, இதைச் சொல்லவா இவர்களுக்கு வாய் வரவில்லை என்று மெயின் அருவி முன்னால் நின்று ஆத்திரத்தில் அழுதேன்.

மறுபடியும் குழுவில் சேர்ந்தேன். சில மாதங்கள் கழித்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி புதிதாக வந்தாள். கிளம்புவதற்கு முன், எல்லார் காதிலும் விழும்படி, எங்கே வலிக்கும், எங்கே தோல் உரியும், என்ன உடுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். ஆண்கள் எல்லாரும் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து நின்று, கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

அண்ணாச்சி இன்றும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் யாராவது என் மரியாதைக்காக ஒன்றைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்று தோன்றினால், "மரியாதை கெடக்கட்டும், விஷயத்தைச் சொல்லுங்க" என்று கேட்காமல் என்னால் இப்போதெல்லாம் இருக்க முடிவதில்லை.