எட்டுத் தடுப்புகள்

உள்ளங்கை நீள எஃகுத் துண்டு. எடை முந்நூற்று எண்பது கிராம். மூன்று முறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரகடத்தைச் சுற்றி வயல்களே மிகுதியாக இருந்த காலத்தில், பேருந்து இருக்கைகள் செய்துவந்த எங்கள் பட்டறைக்கு இராணுவச் சரக்கு விமானம் ஒன்றுக்கு மாதிரித் தளம் செய்யும் வேலை வந்தது. பெட்டிகளைத் தூக்கிச் சுமக்காமல் தள்ளிக்கொண்டு போகும்படி விமானத்தின் தளத்தில் உருளைகள் பதிக்க வேண்டும். பறக்கும்போது பெட்டி நகராமல் பிடிக்க இந்தத் தடுப்புகள், எட்டு. வரைபடம் என்னுடையது.

செய்து முடித்து நிறுத்தால் ஒன்றரைக் கிலோ கூடுதல். எடை மிஞ்சினால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் புதிதாக எடுத்த பதினோரு பேருக்கும் வேலை கிடையாது. கணக்குப் போட்டு நான்கு தடுப்புகளைக் கழற்றச் சொன்னேன். எடை வரம்புக்குள் வந்தது, இருபது கிராம் மிச்சம். அறுநூறு கிலோ மணல்பெட்டியை ஏற்றி, விமானம் மேலேறுவதுபோல் தளத்தைச் சங்கிலியால் ஐந்து முறை சாய்த்தோம். பெட்டி அசையவில்லை.

எங்கள் ஃபிட்டர் சேரப்பணஞ்சேரிக்காரர். அந்தப் பதினோரு பேரில் அவர் தம்பியும் ஒருவன். பெட்டிக்குப் பின்னால், சிப்பாய்கள் உட்காரக்கூடிய இடத்தில், ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“உக்காருங்க சார். ஆறாவது தபா தூக்குறேன்.”

“அஞ்சு தடவை பார்த்தாச்சேப்பா.”

“அஞ்சு தபாவும் யாரும் உக்காரலியே. கணக்கு உங்களுதுதான சார், இன்னா பயம்?”

பட்டறையே சிரித்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். உட்காரவில்லை. கழற்றிய நான்கையும் திரும்பப் பூட்டச் சொன்னேன். வேறெங்காவது எடை குறையுமா என்று நான்கு நாள் தேடியதில் எழுநூறு கிராம்தான் தேறியது. எடை மிஞ்சியதென்று மாதிரி திரும்பி வந்தது. பதினோரு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது ஒரகடம் சாலையில் பத்து நிமிடத்துக்குப் பதினேழு கம்பெனி பேருந்துகள் போகின்றன. சென்ற மாதம் அங்கே ஒரு டீக்கடையில் ஃபிட்டரைப் பார்த்தேன். அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது.

“நாலே தாங்கியிருக்குமா சார்?”

“தாங்கும்னுதான் இன்னிக்கும் கணக்கு சொல்லுது.”

“அப்ப உக்காந்திருக்கலாமே.”

“முக்காலி போட்டது நீதானேப்பா!”

டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க உக்காந்துருவீங்கன்னு நெனச்சிகினுதான் சார் போட்டேன்.”